நாங்கள் ஜெபிக்கிறோம், நீதியும் கேட்கிறோம்

"ஜெபம் சோறு போடுமா?" என்று இயக்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். "எல்லாவற்றையும் ஜெபத்தில் வையுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சபையில் சொல்கிறார்கள். முதலில் கேட்பவர்கள் எங்கள் ஜெபத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இரண்டாவதாகச் சொல்பவர்கள் அதே ஜெபத்தைக் காட்டி எங்கள் வாயை அடைக்கிறார்கள். துன்பம் வந்தால் முழங்கால் போடுகிற தலித் கிறித்தவப் பெண் நான். இரு தரப்பாரிடமும் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலில் தோழர்களிடம் பேசிவிடுகிறேன்.

என் கணவர் சிறுநீரகம் பழுதாகி, இரண்டு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்து இறந்துபோனார். அந்த இரண்டு ஆண்டுகளும் என்னைத் தாங்கியது எது என்று கேட்டால் ஜெபம் என்றுதான் சொல்வேன். அவருக்குக் குணமாகவில்லை. ஆகவே கூட்டங்களில் மைக் பிடித்துச் சொல்கிற மாதிரியான 'சாட்சி' எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் அந்த நாட்களில் நான் போய் நின்ற இடங்களையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி வரிசை, காப்பீட்டு அட்டைக்கான மேசை, வட்டிக்குக் கொடுத்தவரின் வீட்டு வாசல். எல்லா இடத்திலும் குரலைத் தாழ்த்தி, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து, அளந்து அளந்து பேச வேண்டியிருந்தது. ஜெபத்தில் அப்படிப் பேச வேண்டியதில்லை. அங்கே இடைத்தரகர் கிடையாது. எட்டி நில் என்று சொல்ல ஆள் கிடையாது. "எங்களுக்கே ஏன் ஆண்டவரே இப்படி?" என்று சண்டை போடலாம். தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நிற்கப் பழக்கப்பட்ட ஒரு சனத்துக்கு, யார் முன்னாலாவது சண்டை போட முடிகிறது என்பது சின்ன விஷயமில்லை.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு எட்டுப் பெண்கள் கூடுவோம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், நகராட்சியில் தூய்மைப் பணியில் இருக்கிறவர்கள். முறை வைத்து என் கணவருக்கு ராத்துணை இருந்தவர்கள் அவர்கள்தாம். கஞ்சி கொண்டுவந்தவர்கள், போகும்போது தலையணைக்கு அடியில் ஐம்பது ரூபாயைச் செருகிவிட்டுப் போனவர்கள் அவர்கள்தாம். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் தன் கஷ்டத்தைப் பெயர் சொல்லி, சத்தமாகச் சொல்லி ஜெபிப்பாள். புருஷன் அடிக்கிறான் என்பாள் ஒருத்தி. வேலை செய்கிற வீட்டில் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள் என்பாள் இன்னொருத்தி. இவற்றையெல்லாம் எங்கள் பெண்கள் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வதற்கு வேறு இடம் இருந்ததா? அரசியல் கூட்டங்களில் இருந்ததா? ஊர்ப் பஞ்சாயத்தில் இருந்ததா? இதைக் கேட்டுவிட்டுத்தான் ஜெபம் சோறு போடுமா என்று கேட்க வேண்டும்.

எங்கள் முன்னோர்களைச் சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று சொல்வது இன்னொரு பழக்கம். 'அரிசிக் கிறித்தவர்கள்' என்று அன்றே ஏளனம் செய்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த ஓங்கோல் பகுதியில் நடந்ததைப் பார்ப்போம். தாது வருஷப் பஞ்சத்தில் மாதிகா மக்கள் கும்பல் கும்பலாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தை எடுத்து அவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். சோறு கொடுத்த அந்தப் பஞ்ச மாதங்களில் அவர் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார். நிவாரண வேலை முடிந்த பிறகும் அவர்கள் விடவில்லை. 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பஞ்சத்துக்கு முன்பே அந்த ஊர்களில் இந்த நம்பிக்கையைக் கொண்டுபோனவர், தோல் வியாபாரம் செய்த எர்ரகுண்ட்ல பேரய்யா என்ற மாதிகா மனிதர். வெள்ளைக்காரர் வந்து மாற்றிவிட்டார் என்ற கதையில் பேரய்யாவுக்கு இடமே இருப்பதில்லை.

அந்த மக்களுக்குச் சபை வைத்த கட்டளைகளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது என்பது. வாரம் ஏழு நாளும் கூப்பிட்ட நேரத்துக்கு ஓட வேண்டிய மக்கள், இன்று நாங்கள் ஜெபம் பண்ணப் போகிறோம், வேலைக்கு வர மாட்டோம் என்றார்கள். ஊர்த் திருவிழாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்றார்கள். ஊர் ஆதிக்கம் அதை வெறும் பக்தியாகப் பார்க்கவில்லை. கீழ்ப்படியாமையாகத்தான் பார்த்தது, அதற்குரிய தண்டனையும் கொடுத்தது. எங்களுக்கு ஜெபம் இப்படித்தான் அறிமுகமானது. கும்பிட்ட கையோடு அடங்கிப் போவதற்காக அது வரவில்லை.

பாவம் யாருடையது?

இனி சபையிடம்.

கணவர் படுக்கையில் இருந்தபோது வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஓர் ஊழியக்காரர், கண்ணை மூடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: "குடும்பத்தில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா?" சாவுக் கரையில் இருக்கிற மனுஷனின் காதில் விழும்படி கேட்டார். இது அவர் ஒருவரின் புத்தி இல்லை. நோய் வந்தால் பாவம், வேலை கிடைக்காவிட்டால் விசுவாசக் குறைவு, பிள்ளை படிக்காவிட்டால் முன்னோர் சாபம் என்று எங்கள் சேரிகளில் தினமும் பிரசங்கம் நடக்கிறது. சாக்கடை அள்ளியவனுக்கு நுரையீரல் ஏன் கெட்டது, தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு ஓடுகிற ஊரில் தண்ணீர் ஏன் இப்படி இருக்கிறது என்று அந்தப் பிரசங்கத்தில் யாரும் கேட்பதில்லை.

அம்பேத்கர் இதை எப்போதோ பார்த்துவிட்டார். மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலை பற்றி அவர் எழுதி, அவர் காலத்துக்குப் பின் அச்சேறிய கட்டுரையில், கிறித்தவரான பிறகும் ஏன் இந்த மக்கள் தங்கள் உரிமைக்குக் கிளர்ந்தெழவில்லை என்று கேட்கிறார். இந்துவாக இருந்தபோது உன் வீழ்ச்சிக்குக் காரணம் உன் கர்மம் என்று சொன்னார்கள். கிறித்தவனானதும் உன் வீழ்ச்சிக்குக் காரணம் ஆதிப் பெற்றோரின் பாவம் என்று சொன்னார்கள். இரண்டிலும் தப்பிக்க வழியில்லை, இரண்டிலும் சுற்றியிருக்கிற சமூகத்தின் மேல் குற்றமில்லை என்பது அவருடைய வாதம். இதற்குச் சபைகள் இன்றுவரை நேர்மையான பதில் சொல்லவில்லை என்பதே என் கருத்து.

ஆனால் அந்த ஊழியக்காரர் கையில் வைத்திருந்த வேதாகமத்திலேயே அவருக்கு மறுப்பு இருக்கிறது. யோபுவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருப்பவனிடம் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், ஒத்துக்கொள் என்று மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள். யோபு ஒத்துக்கொள்ள மறுக்கிறான். கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்கள் மேல்தான். யோபு சரியாகப் பேசினான் என்றே கதை முடிகிறது. இந்த அதிகாரங்களை எங்கள் சேரிகளில் ஏன் பிரசங்கிப்பதில்லை? பாதிக்கப்பட்டவன் கேள்வி கேட்கலாம், கேட்டால் கடவுள் அவன் பக்கம் நிற்பார் என்று தெரிந்துவிட்டால், அடுத்த கேள்வி சபையை நோக்கித்தான் வரும்.

அந்தக் கேள்விகளுக்குப் பஞ்சமும் இல்லை. என் கணவரை அடக்கம் செய்தது கல்லறைத் தோட்டத்தின் 'நம்மவர்கள்' பகுதியில். இரண்டு ஆண்டுகள் எங்களோடு ஒரே கர்த்தரிடம் ஜெபித்தவர்கள், செத்த பிறகு ஒரே மண்ணில் படுக்கச் சம்மதிக்கவில்லை. இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கத்தோலிக்கர்களைப் பிரித்து நின்ற சுவர் நாடறிந்தது. எறையூரில் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்கள்தாம். அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின.

இன்னும் பின்னால் போனால் வடக்கன்குளம். ஒரு பீடம், அதிலிருந்து இரண்டு கால்களைப் போலப் பிரிகிற இரண்டு கூடங்கள், சாதிக்கு ஒரு கூடம் என்று அங்கே ஆலயம் கட்டினார்கள். வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம். 1910இல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். மேல்சாதியார் அதைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஜெபிப்பதற்குச் சுவர் வேண்டும் என்று நீதிமன்றப் படியேறியவர்கள் தமிழ்க் கிறித்தவர்கள். இந்த வரலாற்றை வைத்துக்கொண்டுதான் எங்களிடம், "உலகப் பிரகாரமான போராட்டம் வேண்டாம், ஜெபியுங்கள் போதும்" என்கிறார்கள்.

இதெல்லாம் ஆயர்களுக்குத் தெரியாததா? 2003இல் ரோமுக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால், கிறித்தவர்களுக்குள் இருக்கும் சாதிப் பாகுபாடு நற்செய்திப் பணிக்கே தடை என்று கண்டித்தார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு தலித்துகளுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கல்லறையில்தான் இல்லை.

ஜெபத்துக்கு அரசு போடும் அபராதம்

சபையை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. எங்கள் ஜெபத்துக்கு இந்த நாட்டின் சட்டமும் விலை வைத்திருக்கிறது.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பவுத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியில்தான். தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். நிலமும் கல்வியும் உள்ள சாதிகளோடு 26.5 விழுக்காட்டில் போட்டி போட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கேட்க முடியாது.

சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த ஒரு தொழிலாளியின் வழக்கு, சூசை வழக்கு என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1985இல் தீர்ப்பானது. செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அதே தெருவில் அதே தொழில் செய்த அவருக்குக் கிடைக்கவில்லை, கிறித்தவர் என்பதால். மதம் மாறிய பிறகும் அதே அளவுக்கு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்றது நீதிமன்றம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியையே நீக்கச் சொன்னது. அரசு அதை நிறைவேற்றவில்லை. 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையம் என்று இன்னொன்றைப் போட்டார்கள்.

2024 நவம்பரில் வந்த தீர்ப்பைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். அவர் தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர் என்பதை எடுத்துக்காட்டி, உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டு, குண்டூர் மாவட்டத்தில் சாதி சொல்லித் திட்டித் தாக்கினார்கள் என்று ஒரு போதகர் கொடுத்த வழக்கை ஆந்திர உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் கிறித்தவராகிவிட்டதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. இந்த நாட்டில் வேறு யாருக்காவது அவர்கள் கும்பிடுவதே அவர்களுக்கு எதிரான சாட்சியமாகிறதா?

அதனால்தான் எங்கள் வீடுகளில் ஒருத்திக்கு இரண்டு பெயர். ஜெபத்தில் மேரி, சான்றிதழில் மாரியம்மாள். தாசில்தார் ஆபீசிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள் என்றால் சுவரில் இருக்கிற வசனக் காலண்டரைக் கழற்றிப் பானைக்குப் பின்னால் வைப்போம். பள்ளிக்கூடத்தில் கேட்டால் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லாதே என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்போம். இதை ஏமாற்று என்கிறார்கள். தேவாலயத்துக்குப் போனதும் ஊர் எங்களைச் சாதியிலிருந்து விடுவித்ததா? டீக்கடையில் வேறு டம்ளர் கொடுத்ததா? ஆணவக் கொலை செய்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்துவிட்டா அரிவாளை எடுக்கிறான்? ஊருக்குத் தெரிகிற சாதி, சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போகிறது. பொய் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

விதவையின் ஜெபம்

அப்படியானால் ஜெபம் என்னதான்? எனக்கு விளங்கிய வரை சொல்கிறேன்.

மனம் தளராமல் ஜெபிப்பது எப்படி என்று சீடர்களுக்கு விளக்க, இயேசு ஒரு கதை சொன்னதாக லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் ஆலயம் வராது. பீடம் வராது. மெழுகுவர்த்தியும் வராது. ஒரு விதவை. ஒரு நீதிபதி. அவன் கடவுளையும் மதிக்காதவன், மனிதரையும் மதிக்காதவன். தனக்கு நியாயம் வேண்டும் என்று அவள் திரும்பத் திரும்ப அவன் வாசலுக்குப் போகிறாள். இவள் தொல்லை தாங்கவில்லை என்றாவது அவன் நியாயம் செய்துவிடுகிறான். ஜெபம் என்றால் என்னவென்று காட்ட இயேசுவுக்குக் கிடைத்த உதாரணம், மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு அலைகிற ஓர் ஏழைப் பெண். புருஷனை இழந்து, விதவை உதவித்தொகைக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்த எனக்கு, இந்தக் கதைக்கு யாரும் வியாக்கியானம் சொல்லத் தேவைப்படவில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இந்தக் கதையை வாழ்ந்து காட்டினார்கள். 1956 ஜனவரியில், மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது, மார்ட்டின் லூதர் கிங்குக்கு நடுராத்திரியில் கொலை மிரட்டல் போன் வந்தது. தூக்கம் போய், சமையலறை மேசையில் உட்கார்ந்து, எனக்குப் பயமாக இருக்கிறது, என்னால் முடியவில்லை என்று வாய்விட்டு ஜெபித்ததாக அவரே எழுதியிருக்கிறார். சில நாட்களில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் பின்வாங்கவில்லை. 381 நாட்கள் மக்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள். அவர்கள் கூடிப் பேசியதும் பணம் திரட்டியதும் ஆலயங்களில்தான். அந்தப் போராட்டத்திலிருந்து ஜெபத்தை உருவி எடுத்துவிட்டு எதையும் விளங்கிக்கொள்ள முடியாது. போராட்டம் இல்லாமல் ஜெபம் மட்டும் இருந்திருந்தாலும், பேருந்தின் பின்சீட்டில்தான் இன்னும் உட்கார்ந்திருப்பார்கள்.

தோழர்களே, நீங்கள் கடவுளை நம்ப வேண்டாம். பெரியாரைப் படித்த உங்களிடம் அதைக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. உங்கள் கேள்விகள் எங்களுக்குத் தேவை. சபைக்குள் சாதியை முதலில் கேள்வி கேட்க எனக்குத் துணிவு தந்ததும் அந்தக் கேள்விகள்தாம். ஆனால் இரவில் அழுகிற ஒரு பெண்ணின் ஜெபத்தை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால், அவளைக் காசு வாங்கிக்கொண்டு அற்புதம் விற்கிறவனிடம் நீங்களே அனுப்பிவைக்கிறீர்கள். எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள். கண்ணை மூடத் தேவையில்லை. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். உங்கள் அடுத்த போராட்டத்துக்கான கோரிக்கைகள் அதில் வரிசையாக இருக்கும்.

சபைத் தலைவர்களே, எங்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்கிறீர்கள். நன்றி. கூடவே இதையும் செய்யுங்கள். உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட கல்லறைகளில் சாதிப் பிரிவினையை ஒழியுங்கள். சுவர் இருந்தால் இடியுங்கள், சுவர் இல்லாத பிரிவினை இருந்தால் அடுத்த அடக்கத்திலிருந்தே அதை மீறுங்கள். உங்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் தலித் கிறித்தவர்கள் எத்தனை பேர், எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்ற கணக்கை வெளியிடுங்கள். மூன்றாம் பத்தியை நீக்கும் கோரிக்கைக்கு ஆண்டுக்கு ஒரு நாள் கறுப்புக் கொடி காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எங்களோடு தெருவுக்கு வாருங்கள். நோயாளியின் கட்டிலருகே நின்று அவன் பாவத்தைத் தேடுகிற ஊழியக்காரர்களைக் கண்டியுங்கள்.

இவற்றைச் செய்யாமல், ஜெபியுங்கள் என்று மட்டும் எங்களிடம் சொல்ல வேண்டாம். அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பாட்டிகள் நாற்று நட்டுக்கொண்டே ஜெபித்தவர்கள். நாங்களும் ஜெபித்துக்கொண்டுதான் இருப்போம், மனுவைக் கையில் பிடித்தபடி, வாசலை விட்டு நகராமல்.